கடைசி மூன்று நாட்கள்



இந்த மாதம் நான் எழுத வந்திருப்பது யப்பான் நாட்டுச் சுமோ மல்யுத்தத்தைப் பற்றி. சிரிக்க வேண்டாம். நானும் முன்பு சிரித்தவள்தான். மலை போன்ற இரண்டு ஆண்கள் இடுப்பில் ஒரு பட்டையை மட்டும் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் தள்ளுவதில் என்னதான் இருக்கிறது என்று, கைத்தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மகனிடம் கேட்டேன். "சின்னம்மா, கொஞ்சம் பொறுங்கோ. இண்டைக்குப் பதின்மூன்றாம் நாள்" என்றான். அவன் தலை நிமிரவே இல்லை. பதின்மூன்றாம் நாளில் அப்படி என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் எடுத்தன. விளங்கியபின் விட முடியவில்லை.

அது 2020ஆம் ஆண்டு. கொரோனாவால் மே மாதச் சுற்றுப்போட்டியை யப்பானியர் நடத்தவில்லை. யூலையில் தொடங்கியதை நகோயாவுக்குப் பதிலாக டோக்கியோவிலேயே வைத்தார்கள். நாளுக்கு 2,500 பேரை மட்டுமே உள்ளே விட்டார்கள். யாரும் சத்தமிடக் கூடாது, கை தட்டலாம். அந்த அமைதியில் இரண்டு உடம்புகள் மோதும் சத்தம் எங்கள் வீட்டு விறாந்தை வரை கேட்டது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டின் முழு வாழ்வும் கணக்கில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஆறு பெரிய சுற்றுப்போட்டிகள், ஒவ்வொன்றும் பதினைந்து நாட்கள். மேல் பிரிவில் உள்ளவர் நாளுக்கு ஒருவராகப் பதினைந்து பேருடன் மோத வேண்டும். வட்டத்துக்கு வெளியே கால் போனாலோ, உள்ளங்காலைத் தவிர உடம்பில் வேறெதுவும் நிலத்தில் பட்டாலோ தோல்வி. வென்றால் ஏட்டில் ஒரு வெள்ளை வட்டம், தோற்றால் ஒரு கறுப்பு வட்டம். பதினைந்தில் எட்டு வெள்ளை இருந்தால் அடுத்த முறை தரம் கூடும். எட்டுக் கறுப்பு விழுந்தால் இறங்கும். காயம் என்று வராமல் இருந்தாலும் அந்த நாள் தோல்வியாகவே எண்ணப்படும். கால் முறிந்தவருக்கும் சோம்பலில் படுத்தவருக்கும் அந்த ஏட்டில் வேறுபாடு இல்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விதி அதுதான்.

மேல் பிரிவில் நாற்பத்திரண்டு பேர். பெரும்பாலானோர் மயெகாஷிரா என்ற தரத்தில் இருப்பார்கள். அதற்கு மேலே கொமுசுபி, அதற்கு மேலே சேகிவாகே, பிறகு ஓசேகி, உச்சியில் யொகோசுனா. மேல் பிரிவுக்குக் கீழே ஜூரியோ என்ற பிரிவு இருக்கிறது. அதுவரை உள்ளவர்களுக்குத்தான் மாதச் சம்பளம். அதற்கும் கீழே நான்கு பிரிவுகள் உண்டு. அங்கே சம்பளம் இல்லை, தனி அறை இல்லை. மேல்தர வீரருக்கு ஏவல் செய்ய வேண்டும், சமைக்க வேண்டும், அவர்கள் உண்டபின் உண்ண வேண்டும். ஆகக் கீழ் இரண்டு பிரிவினர் மாரியிலும் மெல்லிய பருத்தி அங்கியும் மரச் செருப்பும்தான் போடலாம். அவர்களுடைய ஆட்டங்கள் காலையில், வெறுங்கதிரைகளுக்கு முன்னால் நடக்கும்.

அக்காவின் மகன் கண் வெட்டாமல் பார்த்தவரின் பெயர் தெருனோபுஜி. மொங்கோலியாவின் தலைநகர் உலான்பத்தாரில் பிறந்தவர். பள்ளிக்கூட வயதில் யப்பானுக்கு வந்தவர். 2015 மே மாதத்தில் தன் முதற் கோப்பையை வென்று ஓசேகி ஆனார். அப்போது வயது 23. அடுத்த யொகோசுனா இவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வருடமே செப்டெம்பரில் முழங்கால் போயிற்று. ஓசேகி ஒருவர் தொடர்ந்து இரண்டு சுற்றுப்போட்டிகளில் எட்டு வெற்றி எடுக்காவிட்டால் பதவி போய்விடும். 2017இல் அவருக்கும் போனது. பிறகு நீரிழிவு, ஈரல் அழற்சி, முழங்கால் சத்திரசிகிச்சை. நான்கு சுற்றுப்போட்டிகளுக்கு வரவே முடியவில்லை. வராத நாளெல்லாம் கறுப்பு. 2019 மார்ச்சில் திரும்பி வந்தபோது அவருடைய இடம் ஜோனிதான் என்ற பிரிவில் நாற்பத்தெட்டு. கடைசியிலிருந்து இரண்டாவது பிரிவு அது. ஓசேகியாக இருந்த ஒருவர் அவ்வளவு ஆழத்துக்குப் போய்த் திரும்பியதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

விலகிவிடுகிறேன் என்று அவர் பலமுறை தன் ஆசானிடம் கேட்டிருக்கிறார். ஆசான் இசெகஹாமா, முன்னாள் யொகோசுனா. அவர் விடவில்லை. முதலில் உடம்பைச் சுகப்படுத்து, பிறகு கதைப்போம் என்பதே அவருடைய நிலைப்பாடு.

இந்த இடத்தில் ஒரு சொல். விழுந்தால் எழும்பலாம் என்று சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கிறது. கூட்டங்களிலே கேட்டுக் கேட்டு எங்களுக்கும் காது புளித்துவிட்டது. எழும்ப எவ்வளவு காலம் எடுக்கும், எதை விற்க வேண்டும், உடம்பில் என்ன மிச்சம் இருக்கும் என்று யாரும் சொல்லுவதில்லை. இந்த மனிதரின் கதையில் எனக்குப் பிடித்தது, அதற்கெல்லாம் வெள்ளையிலும் கறுப்பிலும் கணக்கு இருக்கிறது என்பதே. ஜோனிதானிலிருந்து மேல் பிரிவின் கடைசி இடத்துக்கு வர அவருக்கு ஏழு சுற்றுப்போட்டிகள் எடுத்தன. 2020 யூலையில் அவர் நின்ற இடம் மயெகாஷிரா பதினேழு. அதற்குக் கீழே ஒருவர் இறங்கினால் ஜூரியோதான்.

இனி அந்தக் கடைசி மூன்று நாட்கள்.

அடுத்த நாள் யாருடன் யார் மோதுவது என்பதைச் சுற்றுப்போட்டி நடக்கும்போதே நடுவர் குழு தீர்மானிக்கிறது. கீழ்த்தர வீரர் ஒருவர் தன்னைப் போன்றவர்களோடு மோதி வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு போனால், கடைசி நாட்களில் அவரைத் தூக்கி மேல்தரத்தாரின் முன் நிறுத்துவார்கள். வெற்றி உண்மையானதா என்று உரசிப் பார்ப்பதற்கு. பன்னிரண்டு நாள் முடிவில் தெருனோபுஜியிடம் 11 வெற்றி, 1 தோல்வி. ஓசேகி அசனோயாமாவிடமும் அதே 11, 1. முதல் பத்து நாளும் வென்ற யொகோசுனா ஹகுஹோ, பதினொன்றாம் பன்னிரண்டாம் நாட்களில் தோற்று, முழங்கால் நோவோடு விலகிவிட்டார். பதின்மூன்றாம் நாள், யூலை 31, வெள்ளிக்கிழமை, கடைசித் தரத்தவரையும் ஓசேகியையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். தெருனோபுஜி பட்டையைப் பிடித்து அவரை வெளியே நடத்திக்கொண்டு போனார். இரண்டு முழங்காலிலும் தடித்த கட்டு.

பதினான்காம் நாள் ஷோதாய் என்ற சேகிவாகேயிடம் தோற்றார். அக்காவின் மகன் எழுந்து வெளியே போய்விட்டான். ஆனால் அன்றைக்கு இன்னொரு காரியமும் நடந்தது. தெருனோபுஜியின் கூடத்தைச் சேர்ந்த தெருட்சுயோஷி என்பவர் மேல் பிரிவில் மிகச் சிறிய உடம்புக்காரர்களுள் ஒருவர். அவருக்கு எதிராளி அசனோயாமா. தொடங்கிய கணமே குனிந்து ஓசேகியின் காலைப் பிடித்துத் தூக்கினார். அசனோயாமா விழுந்தார். ஒரே கூடத்தார் தங்களுக்குள் மோதுவதில்லை, ஆனால் மற்றவரின் எதிரியோடு மோதலாம். இப்படியும் உதவி வரும்.

அதனால் கடைசி நாளுக்கு வரும்போது தெருனோபுஜி 12, 2. அசனோயாமா, ஷோதாய், மிதகேஉமி மூவரும் 11, 3. இவர் தோற்றால் சமநிலை வந்து மேலதிக ஆட்டம் வைக்க வேண்டும். முழங்கால் அதைத் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஓகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, மிதகேஉமியைச் சில வினாடிகளில் வெளியே தள்ளினார். 13 வெற்றி, 2 தோல்வி. ஐந்து வருடத்துக்குப் பிறகு இரண்டாம் கோப்பை.

கோப்பை கொடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன், அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த வட்டத்துக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டு ஒசாகாவின் ஆளுநராக வந்த ஓத்தா புசாயே, யப்பானின் முதற் பெண் ஆளுநர். ஆளுநர் பரிசைத் தானே மேடையில் ஏறிக் கொடுக்க விரும்பினார். சங்கம் இடம் கொடுக்கவில்லை. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில் ஒரு காட்சிப் போட்டியில் நகர முதல்வர் பேசிக்கொண்டிருந்தபோது வட்டத்துக்குள்ளேயே மயங்கி விழுந்தார். முதலில் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். "பெண்கள் வட்டத்தை விட்டு இறங்கவும்" என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பின்னர் சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் விதி மாறவில்லை. ஒவ்வொரு கூடத்திலும் ஆசானின் மனைவிதான் இளம் பையன்களுக்குத் தாய் போல் இருந்து, வரவு செலவு பார்த்து, வருத்தம் துன்பம் கேட்கிறவர். அவராலும் அந்த வட்டத்தில் ஏற முடியாது. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் பார்க்கிறேன். எங்கள் வீடுகளிலும் கோயில்களிலும் எத்தனை வட்டங்களுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம்.

சரி, கோப்பை கிடைத்துவிட்டது, பதவியும் கிடைத்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவின் மகன் தலையாட்டினான். கோப்பை வேறு, தரம் வேறு. பதினேழாம் இடத்திலிருந்து வென்றவருக்கு அடுத்த பட்டியலில் கிடைத்தது மயெகாஷிரா ஒன்று, அவ்வளவுதான். ஓசேகி ஆகவேண்டுமானால் கொமுசுபியாகவோ சேகிவாகேயாகவோ நின்று, தொடர்ந்து மூன்று சுற்றுப்போட்டிகளில் மொத்தம் 33 வெற்றி என்ற அளவை எட்ட வேண்டும். எழுதிய சட்டம் இல்லை, வழக்கம். அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

செப்டெம்பரில் எட்டு வெற்றி எடுத்தவுடன் முழங்கால் இடம் கொடாமல் விலகினார். எட்டு இருந்ததால் தரம் இறங்கவில்லை. அந்த எட்டை எடுத்துவிட்டு விலகியதில் ஒரு குடும்பப் பெண்ணின் புத்தி இருந்தது என்பது என் எண்ணம். நவம்பரில் கொமுசுபியாக 13 வெற்றி. கடைசி நாள் ஓசேகி தகாகெய்ஷோவை வென்று சமநிலைக்கு வந்து, மேலதிக ஆட்டத்தில் அவரிடமே தோற்றார். கோப்பை போனது, பதின்மூன்று வெள்ளை மிஞ்சியது. 2021 ஜனவரியில் சேகிவாகேயாக 11. இரண்டும் சேர்ந்து 24. மார்ச்சில் 9 வேண்டும்.

அந்த மார்ச் மாதத்தில் என் மனம் இன்னொருவர் பக்கம் போனது. தகயாசு, இவரைப் போலவே ஓசேகிப் பதவியை இழந்தவர், ஒரு கோப்பையும் கையில் எடுக்காதவர். பன்னிரண்டு நாளில் 10 வெற்றியோடு முன்னால் நின்றார். பிறகு மூன்று நாளும் தோல்வி. வகதகாகாகேயிடம், தொபிசாருவிடம், கடைசி நாள் அவோயாமாவிடம். முடிவு 10, 5. தெருனோபுஜி கடைசி இரண்டு நாளில் அசனோயாமா, தகாகெய்ஷோ என்ற இரண்டு ஓசேகிகளை அடுத்தடுத்து வென்று 12, 3 என்று கோப்பையை எடுத்தார். 13, 11, 12. கூட்டினால் 36. மார்ச் 31ஆம் திகதி மீண்டும் ஓசேகி. இழந்து மூன்றரை வருடத்தின் பின். தகயாசுவோ 2025 மார்ச்சில் மறுபடி மேலதிக ஆட்டம் வரை வந்து ஒனோசாதோவிடம் தோற்றார். அன்றும் நான் அவருக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓசேகியாக 2021 மே மாதக் கோப்பையும் தெருனோபுஜிக்கே. அடுத்தது யூலை, நகோயா. யொகோசுனாவாக வேண்டுமானால் ஓசேகி ஒருவர் தொடர்ந்து இரண்டு கோப்பை, அல்லது அதற்குச் சமமான பெறுபேறு எடுக்க வேண்டும். பதினான்கு நாள் முடிவில் அவரும் 14 வெற்றி, ஹகுஹோவும் 14 வெற்றி. கடைசி நாள், யூலை 18, ஹகுஹோ அவரைக் கை மடக்கி எறிந்தார். ஹகுஹோவுக்கு அது 45ஆவது கோப்பை. அதன் பின் அவர் சுற்றுப்போட்டியில் ஆடவில்லை.

அன்று அக்கா கேட்டா, "அப்ப, இவர் தோத்துப்போனார்தானே?" என்று. இந்த முறை விளங்கப்படுத்தியது நான். மேயில் கோப்பை, யூலையில் பதினான்கு வெள்ளை ஒரு கறுப்பு, அது கோப்பைக்குச் சமம். மூன்று நாள் கழித்து, யூலை 21, அவரை 73ஆவது யொகோசுனாவாக அறிவித்தார்கள்.

யொகோசுனாவுக்குத் தரம் இறக்கம் கிடையாது. முடியாவிட்டால் விலக வேண்டியதுதான். அந்த முழங்கால்களோடு, பல சுற்றுப்போட்டிகளுக்கு வராமலும் வந்தபோது வென்றும், மொத்தம் பத்துக் கோப்பைகள் எடுத்தார். 2025 ஜனவரிச் சுற்றுப்போட்டியின் நடுவில் ஓய்வை அறிவித்தார். அதே சுற்றுப்போட்டியின் கடைசி நாள் மூன்று பேர் 12 வெற்றியோடு சமமாக நின்றார்கள். மற்ற இருவரையும் வென்று கோப்பையையும் யொகோசுனாப் பதவியையும் எடுத்தவர் ஹோஷோரியு, அவரும் மொங்கோலியாவில் பிறந்தவர்.

அக்காவின் மகன் இப்போது வேலையாக வெளியூரில். அந்த ஞாயிறு பின்னேரம் தொலைபேசி எடுத்தான். "சின்னம்மா, பார்த்தீங்களோ?" என்றான். பார்த்தேன் என்றேன். அடுத்தது மார்ச், ஒசாகாவில்.