வடிகால் இருந்தும் வடியாத வயல்கள்

புது தில்லி: ஹரியாணாவின் ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களில் பல விவசாயிகளை வாட்டுவது வறட்சியல்ல, வடிய வழியில்லாத தண்ணீர். கால்வாய்ப் பாசனம் பெருகியது. உவர்ப்பான நிலத்தடி நீரை இறைக்க எவரும் முன்வரவில்லை. நீர்மட்டம் உயர, உப்பும் மேலேறி வயல்கள் வெளுத்தன.

தீர்வு தெரியாமலில்லை. கர்னாலில் 1969-ல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1980-களிலேயே சாம்ப்லாவில் அதைச் செய்து காட்டியது. துளையிட்ட குழாய்களைச் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைத்தால், மழைநீரில் கரையும் உப்பு அவற்றின் வழியே வெளியேறும். நெதர்லாந்து உதவியுடன் கோஹானா பகுதியிலும் இத்திட்டம் நிறைவேற்றப்பட்டது.

சிக்கல் அதன் பிறகுதான். சமவெளியில் நீர் தானாக ஓடாது. தொட்டியில் சேர்வதை பம்பு வைத்து இறைத்தாக வேண்டும். குழாய் பதிக்க அரசுப் பணம். டீசலுக்கோ விவசாயிகள் சங்கம். விளைச்சல் மீண்டதும் சந்தா தரும் ஆர்வம் குறைகிறது. பள்ளத்து நிலக்காரர் இறைத்தால் பலன் பக்கத்து வயலுக்கும்தானே! ஓராண்டு மட்டுமே குத்தகை எடுத்தவர் எதற்காகப் பங்கு தருவார்? பராமரிப்புக்கும் நிதி ஒதுக்காத வரை, மானியம் மண்ணுக்குள்தான் கிடக்கும்.

இறைத்த உப்புநீரை எங்கே விடுவது என்பதும் தீர்ந்தபாடில்லை. மழைக்காலத்தில் பொது வடிகாலில் விட்டால் வெள்ளத்தோடு கலந்து போகும். கோடையில் விட்டால், அதே வடிகால் நீரைப் பாசனத்துக்கு எடுக்கும் கீழ்ப்பகுதி கிராமத்தார் சண்டைக்கு வருவார்கள்.