ஈயும் சிறுநீரகமும்

ஓர் ஈக்கும் மனிதனின் சிறுநீரகத்துக்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு விடை கூறவே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் ஆபிரிக்க வழியினரிடையே சிறுநீரகம் செயலிழத்தல் வெள்ளையரிலும் பார்க்க மும்மடங்கிற்கு மேலாகக் காணப்படுகிறது. வறுமை, இரத்த அமுக்கம், தக்க வைத்தியம் கிட்டாமை என்பன காரணமாகக் கூறப்பட்டன. அவை பொய்யல்ல, ஆயினும் அவற்றால் மட்டும் கணக்கு நேராகவில்லை. 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் 22ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகைக் குற்றவாளியெனச் சுட்டினர். 2010இலோ, அதற்கு அயலில் இருந்த 'அப்போ எல்-1' என்னும் அலகே உண்மைக் குற்றவாளியெனத் தெரியவந்தது. அயலான் பொருட்டு ஈராண்டு பழி சுமந்த அவ்வலகின்மீது எமக்கு இரக்கமே உண்டாகிறது.

குற்றவாளி என்றோம், அதன் பூர்வ சரித்திரம் வேறு. ஆபிரிக்காவில் செற்சி என்னும் ஈ கடித்துப் பரப்பும் உறக்க நோய் உயிர் கொல்லும் கொடியது. மனிதர் குருதியிலுள்ள அப்போ எல்-1 புரதம் அந்நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பலவற்றை அழிக்கவல்லது. கிருமியில் ஒரு வகையோ, அப்புரதத்தைப் பற்றிப் பிடித்துச் செயலறச் செய்யும் சூழ்ச்சியைக் கற்றுக்கொண்டது. பின்னர் ஆபிரிக்க மக்கள் சிலரிடத்தே அலகு சிறிது திரிந்தது. திரிந்த புரதம் அப்பிடிக்கு அகப்படவில்லை. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து இத்திரிபு வரின் காப்பு. இருவரிடமிருந்தும் வரின் சிறுநீரக நோய்க்கு வழி திறக்கிறது. ஆபிரிக்க அமெரிக்கருள் ஏறக்குறைய நூற்றுக்கு 13 பேர் இரண்டையும் பெற்றவர்கள். அவருள்ளும் பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை. வேறொரு தூண்டுதலும் வேண்டும்போலும்.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இத்திரிபு மிகுதி. எதியோப்பியரிடம் மிக அரிது. இருவரையும் 'கறுப்பர்' என்னும் ஒரே சொல்லால் அழைக்கிறது உலகம்.

அமெரிக்க வைத்தியசாலைகளோ வேறொரு கணக்கில் அச்சொல்லையே எண்ணாக்கிச் சேர்த்திருந்தன. சிறுநீரகத்தின் வடிதிறனை மதிப்பிட 2009இல் வகுத்த சூத்திரம், நோயாளர் கறுப்பினத்தவராயின் விடையை நூற்றுக்கு 16 வீதம் உயர்த்தியது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் வடிதிறன் 20க்கு இறங்கிய பின்னரே எண்ணப்படும். வெள்ளையர்க்கு 18 என வரும் அளவு, இவர்க்கு 21 ஆகிவிடும்! நோய் அதுவே, பட்டியலில் மட்டும் இடமில்லை. 2021இல் அந்நாட்டுச் சிறுநீரக வைத்தியர் சங்கங்கள் இன எண்ணை நீக்குமாறு பரிந்துரைத்தன. 2023 முதல், பழைய சூத்திரத்தால் பின்தள்ளப்பட்டோரின் காத்திருப்புக் காலம் மீளக் கணிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர்க்கு இழந்த மாதங்களும் ஆண்டுகளும் வரவு வைக்கப்பட்டன.