பின்னால் வருபவனுக்கான வெளிச்சம்

சில வாரங்களுக்கு முன்னர் பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்குச் செல்ல நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவரின் பழைய வோக்ஸ்வாகன் கொம்பி வானில் பயணம். 1970களின் தொடக்கத்தில் தயாரானது. மடக்குக் கட்டில், சிறிய காஸ் அடுப்பு, ஓர் அலுமாரி என்று அதனை நடமாடும் வீடாகவே மாற்றி வைத்திருக்கிறார்.

பசறையைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. தூறலும் மூட்டமும் சேர்ந்துகொண்டன. ஒரு வளைவில் நண்பர் பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த லொறி ஒரு முழ இடைவெளியில் வந்து நின்றது. இறங்கிவந்த சாரதி எங்களைத் திட்டவில்லை. அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஐயா, வாகனத்துக்குப் பின்னால ஒரு லைட்டும் தெரியலையே" என்றார்.

பார்த்தோம். வலப்பக்க விளக்கு அணைந்திருந்தது. இடப்பக்க விளக்கு எண்ணெய் வற்றிய அகல்போல மினுங்கியது. இதே வாகனம் அண்மையில்தான் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்து, ஆண்டு வரி அனுமதிப்பத்திரமும் பெற்றிருந்தது!

மறுநாள் மொனராகலையில் வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் காட்டினோம். பல்ப் பழுதில்லை; எர்த் வயர் உடலோடு சேரும் இடத்தில் துருப்பிடித்திருந்தது. விளக்கின் உட்புறப் பூச்சும் கறுத்திருந்தது. துருவைச் சுரண்டி, புதிய எர்த் கொடுத்ததும் பாதி வெளிச்சம் திரும்பிவிட்டது. மீதிக்கு எல்ஈடி பல்ப் போடலாம் என்றார் பாஸ். நண்பர் மறுத்தார். பழைமை கெட்டுவிடுமாம்.

நண்பரின் மனது எனக்குப் புரியாமலில்லை. ஆனால் வெளிக்கண்ணாடியையோ விளக்கின் வடிவத்தையோ மாற்றத் தேவையில்லை. உள்ளிருக்கும் பல்ப் மட்டும்தான் மாறுகிறது. பழைய பல்ப்பில் பின்விளக்குக்கு 5 வோட், பிரேக்குக்கு 21 வோட். அதன் இழை சூடேறி முழு வெளிச்சம் தருவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடியின் ஐந்திலொரு பங்கு செல்லும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருபவர் அதற்குள் கிட்டத்தட்ட 3 மீற்றர் நெருங்கிவிடுவார். எல்ஈடியோ உடனே எரியும். பற்றரிக்கும் பாரம் குறைவு. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்ஈடியே பொருத்தமானது. சிக்னலுக்கும் அதையே போட்டால் விளக்கு படபடவென்று துடிக்கும், பிளாஷரையும் மாற்றவேண்டும். மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனையே எர்த் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

ஒருவாறு நண்பர் இணங்கினார். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

என் ஆதங்கம் இந்த ஒரு வானோடு முடிவதில்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் நம் வீதிகளில் வாகனங்களின் வயது கூடியிருக்கிறது. புத்தல, வெல்லவாய பக்கம் பெல்வத்தை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச்செல்லும் உழவு இயந்திரங்களைப் பாருங்கள். பெட்டியில் விளக்கு இருந்தாலும் தொங்கும் கரும்புத் தோகை அதை மூடிவிடுகிறது. தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றி வரும் பழைய வான்கள் சிலவற்றின் நிலையும் இதுதான்.

2025 இன் தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' என்ற பெயரில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அலங்கார விளக்குகளைக் கழற்றவைத்தார்கள். கண்ணைக் கூசவைக்கும் விளக்கு ஆபத்து என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எரியாத விளக்கு அதைவிட ஆபத்தல்லவா? மிகையாக எரிவதைக் கண்டுபிடிக்கும் கண்களுக்கு, எரியாதது தென்படுவதில்லை.

பஸ், லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் வாகனங்களிடம் ஆண்டுதோறும் கேட்கப்படுவது புகைச் சான்றிதழ் மட்டுமே. அதே நிலையத்தில், அதே வேளையில், ஒருவர் பின்னால் நின்று மற்றவரை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பார்த்தால் என்ன? இரண்டு நிமிட வேலை. உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கரைக் கட்டாயமாக்குவதும் பெரிய செலவன்று.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்றிரவு வாகனத்தை ஒரு சுவரோரம் பின்பக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். சுவர் இருபுறமும் சிவக்கிறதா?

அந்த லொறிச் சாரதி அன்று சற்றுக் கண்ணயர்ந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.