யாருக்கு நீண்ட அமைதி?

ஜான் லூயிஸ் காடிஸின் புத்தகங்களை விரும்பிப் படிப்பவன் நான். ஆனால் பனிப்போருக்கு அவர் வைத்த பெயரை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. 1986ல் ஒரு கட்டுரையில் அதை ‘நீண்ட அமைதி’ என்றார். மறு வருடம் அதுவே புத்தகத் தலைப்பும் ஆனது.

வாதம் எளிது. உலகில் இரண்டே துருவங்கள், அணுகுண்டு பயம், ஒருவரையொருவர் வேவு பார்த்த செயற்கைக்கோள்கள். இதனால் வல்லரசுகள் மோதிக்கொள்ளவில்லை. சரி, கொரியாவில் இருபது லட்சம் பேருக்கு மேல் செத்தார்களே? அந்த வானத்தில் சோவியத் விமானிகளும் அமெரிக்க விமானிகளும் நிஜமாகவே சுட்டுக்கொண்டார்கள்; இரு தரப்பும் கமுக்கமாக இருந்துவிட்டன. 1965-66ல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்றார்களே, அது எந்தக் கணக்கு? எங்கள் தொழிலில் ‘என் மெஷின்ல ஓடுதே’ என்று ஒரு பதில் உண்டு. கிட்டத்தட்ட அதுதான் இது.

‘வல்லரசுகளுக்கு இடையிலான அமைதி என்றுதானே சொன்னார்’ என்பார்கள். அப்படியென்றால் அதையே தலைப்பில் வைத்திருக்கலாமே! பெர்லினில் சண்டை போட முடியாததற்கும் வியட்நாமில் போட முடிந்ததற்கும் தொடர்பே இல்லையா?

வியட்நாம் அவருக்குத் தெரியாததும் அல்ல. 1982ல் வந்த ‘ஸ்ட்ராட்டஜீஸ் ஆஃப் கன்டெயின்மென்ட்’ நூலில் அமெரிக்கா அங்கே சறுக்கியதை ஒரு அத்தியாயம் முழுக்கப் பிரித்துப் போடுகிறார். அபாரமான அத்தியாயம். ஆனால் அதில் அளக்கப்படுவது வாஷிங்டனின் இலக்கும் வாஷிங்டனின் செலவும்.