மூணாவது நம்பரை யாருமே பார்க்கிறதில்லை

1/
"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார் டாக்டர்."
மேலூர் பக்கத்திலிருந்து வந்த 74 வயது ஐயா. இடுப்பு எலும்பு முறிவு. நாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு 34.

2/
அவர் வழுக்கி விழலைங்க. மயங்கி விழுந்திருக்கார். மூணு மாசமாவே கிறுகிறுப்பு இருந்திருக்கு. வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வயசானா அப்படித்தான்."

3/
என் கோபம் இந்த வார்த்தை மேலதான். வயதானால் ஓடும்போது இதயம் எட்டும் உச்ச வேகம் குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 34க்கு இறங்காது. இறங்கினால் அது நோய். துடிப்பைத் தொடங்கி வைக்கும் கணு தேய்ந்திருக்கும், அல்லது மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்பாதை அடைபட்டிருக்கும். மூளைக்குச் சில நொடி ரத்தம் போகலைன்னா ஆள் கீழே.

4/
உங்க வீட்டு பிபி மெஷின் மூணு நம்பர் காட்டும். முதல் ரெண்டை நோட்டில் எழுதுறீங்க. மூணாவதுதான் நாடித்துடிப்பு. அதை யார் பார்க்கிறா? கொரோனாவில் வாங்கின ஆக்சிமீட்டரும் அதைக் காட்டும். அது பீரோவில் தூங்குது.
டாக்டர்கள் நாங்களும் யோக்கியமில்லை. ஓபி கூட்டத்தில் நாடியைத் தொடாமலே பழைய மாத்திரையை எழுதி அனுப்பியிருக்கோம்.

5/
அட்டெனலால், மெட்டோபிரலால், டில்டியாசெம் மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட குறைக்கும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறில் ஏறும் பொட்டாசியம் இரண்டும் காரணமாகலாம். ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடலாம்.

6/
60க்குக் கீழே போனாலே பயப்பட வேண்டாம். உழைத்து உரமேறிய உடம்பிலும் தூக்கத்திலும் 50களில் ஓடும்.
தொடர்ந்து 50க்குக் கீழேயா? குறைந்த துடிப்போடு கிறுகிறுப்பு, மூச்சு வாங்கல், அசதியா? இசிஜி எடுங்க.
40க்குக் கீழே அல்லது மயக்கமா? யோசிக்காம 108.

7/
"இந்த வயசுல பேஸ்மேக்கர் எதுக்கு?"
1958இல் ஸ்டாக்ஹோமில் உடலுக்குள் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் ஆர்னே லார்சன். அப்போ அவருக்கு 43 வயது. கருவியை மாற்றி மாற்றி 86 வயது வரை வாழ்ந்தார். இங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே பேஸ்மேக்கர் வைக்கலாம். செலவுக்குப் பயந்து அப்பாவை வீட்டிலேயே வைத்திருக்காதீங்க.

8/
ஐயாவுக்கு பேஸ்மேக்கர் வைத்தாச்சு. இடுப்பு ஆபரேஷனும் முடிஞ்சது. ஆனா வயலுக்கு நடந்து போன மனுஷன் இப்போ வாக்கரோட திண்ணை வரைக்கும்தான். மூணு மாசம் முன்னாடி ஒரு இசிஜி எடுத்திருந்தா அந்த இடுப்பு தப்பியிருக்கும்.
இன்னைக்கு சாயங்காலம் அப்பா, அம்மா கையைப் பிடிங்க. ஒரு நிமிடம் முழுசா எண்ணுங்க.