அம்மை இறங்கியது, கிருமி இறங்கவில்லை!

சின்னம்மை கண்ட குழந்தையை வேப்பிலை பரப்பிப் படுக்க வைக்கிறார்கள். கொப்புளம் வாடியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். "அம்மை இறங்கிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள்.

அம்மை இறங்கியது உண்மை. ஆனால், கிருமி உடலை விட்டுப் போகவில்லை!

அது முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் ஒளிந்து கொள்கிறது. அங்கே 40, 50 ஆண்டுகள்கூட உறங்கும். நீறு பூத்த நெருப்பு போன்றது அது. பிற்காலத்தில் அது விழித்துக் கொண்டால் வருவதுதான் "அக்கி".

குடும்ப டாக்டர் கண்ட உண்மை

இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் ஹோப்-சிம்ப்சன் என்ற குடும்ப டாக்டர் இருந்தார். 1947-ம் ஆண்டு முதல் 1962 வரை, 16 ஆண்டுகள், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வந்தார். மொத்தம் 192 பேர். குழந்தைகளுக்கு அக்கி அரிதாக வந்தது. வயது ஏற ஏற அதிகமாக வந்தது.

அக்கி வெளியில் இருந்து வருவது அல்ல. சிறு வயதில் புகுந்த அம்மைக் கிருமியே மீண்டும் தலைதூக்குகிறது என்று 1965-ம் ஆண்டில் அவர் எழுதினார். அது சரி என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

மறக்காத காவலர்கள்

இத்தனை காலம் கிருமியை அடக்கி வைப்பது யார்? ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்! அவற்றில் ஒரு பிரிவு, ஒரு முறை சண்டையிட்ட பகைவனை மறப்பதில்லை. "நினைவு அணுக்கள்" என்று அவற்றுக்குப் பெயர். கிருமி தலை நீட்டும்போது அவை அடக்குகின்றன. அதனால் அவற்றின் ஞாபகமும் புதுப்பிக்கப்படுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

உறங்கும் கிருமிகள் வேறும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ் அவற்றில் ஒன்று. உலகில் பெரியவர்கள் பெரும்பாலோர் உடலில் அது இருக்கிறது. தொல்லை தெரிவதில்லை. ஆனால், அது உள்ளவர்களுக்கு நினைவு அணுக்களில் சுமார் 10-ல் 1 பங்கு அதைக் கண்காணிக்கவே போய்விடுகிறது என்று 2005-ம் ஆண்டில் ஓர் ஆய்வு கண்டது. பத்துக் காவலரில் ஒருவர் ஒரே திருடனின் வாசலில் நிற்பது போல!

வயதானால் இந்தக் காவல் தளர்கிறது. அம்மைக் கிருமி அந்தச் சமயம் பார்த்து வெளியே வருகிறது.

காவி போதாது

அக்கிக்குக் காவி குழைத்து "எழுதும்" பழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. காவி தோலின் மேல் நிற்கும். கிருமியோ நரம்பில் இருக்கிறது! நாள் கடத்தினால், கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி வாட்டலாம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. கொப்புள நீர் பட்டால், அம்மை காணாத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம்.

எனவே, தாத்தாவோ பாட்டியோ "உடம்பில் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது" என்றால் அலட்சியம் கூடாது. பட்டையாகக் கொப்புளம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கிருமியை ஒடுக்கும் மாத்திரைகளை 3 நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது.

அரசு எண்ணிப் பார்க்கட்டும்

தளர்ந்த காவலர்களுக்கு ஞாபகமூட்டும் தடுப்பூசியும் இருக்கிறது. 50 வயது கடந்தவர்களுக்கு 2 ஊசிகள். பெரிய சோதனைகளில் அது அக்கியை 100-க்கு 90-க்கும் மேல் தடுத்தது. இந்தியாவில் 2023-ம் ஆண்டு முதல் கிடைக்கிறது. ஆனால், விலை பல ஆயிரம் ரூபாய்! கூலி வேலை செய்து ஓய்ந்த முதியவர் அதற்கு எங்கே போவார்?

பிரிட்டனில் 2013-ம் ஆண்டு முதல் முதியோருக்கு அக்கித் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. குழந்தைகளுக்கு இலவசமாக ஊசி போடும் நம் நாட்டு அரசு, ஏழை முதியோரையும் நினைக்க வேண்டும்.

உடலின் காவலர்கள் அரை நூற்றாண்டு கண் துஞ்சாமல் காத்தார்கள். அவர்கள் களைக்கும் காலத்தில் துணை நிற்பது குடும்பத்தின் கடமை. அரசின் கடமையும் அதுவே!