உறக்கமும் கல்வியின் பகுதியே

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் அந்தி சாய்ந்ததும் குளிர் இறங்கும். முன்னிரவில் உறங்கி வைகறையில் எழுவது உழவர் குடிகளின் பழைய வழக்கம். மலையடிவாரத்தே விரியும் நாமக்கல் சமவெளியோ வேறொரு வழக்கத்துக்குப் பெயர் பெற்றது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை ஈர்த்த அதன் விடுதிப் பள்ளிகள், விடியுமுன் எழுப்பி, இரவு நெடுநேரம் படிக்கவைத்துப் பொதுத்தேர்வில் முதலிடங்களைக் குவித்தன. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாநிலத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. தரவரிசை போயிற்று; உறக்கத்தை விலையாகக் கொடுத்து மதிப்பெண் பெறலாம் என்னும் எண்ணம் போகவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அவ்வெண்ணம் மலைப்பிள்ளைகளின் விடுதிகளையும் பற்றிவிடலாகாது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்குதல் வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. இரவு 11 மணிக்குப் படுத்து 4.30-க்கு எழும் மாணவனுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரமே. ஆறு நாளில் அவன் இழப்பது குறைந்தது 15 மணி நேரம். ஞாயிறு ஒருநாள் உறக்கம் இக்கடனை அடைக்குமா?

"சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே" என்பார் உளர். வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பே இரவில் பிந்துகிறது. அது சோம்பலன்று, உடலின் இயற்கை. வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் துயிலைக் கடிந்தது மெய்யே. ஆனால் அவர் கடிந்தது முயற்சியற்றோரின் துயிலை. உழைத்த பிள்ளையின் ஓய்வையன்று.

உறங்கும் நேரம் வீணாவதுமில்லை. படித்தபின் உறங்கியோர், விழித்திருந்தோரைவிட மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் உளவியலார் 1924-இலேயே ஆய்ந்து காட்டினர். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றிற்று. பிள்ளைகள் மேலும் பிந்திப் படுப்பர் என்ற அச்சம் பொய்த்தது. பள்ளி நாள்களில் உறக்கம் ஏறத்தாழ 34 நிமிடம் கூடிற்று. மணியை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வாழவந்தி நாட்டு மாணவர் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வியை நாடுவோர். அவர்தம் பெற்றோர், விடுதி வகுத்த காலஅட்டவணையைக் கேள்வி கேட்கத் தயங்குவர். ஆதலின் பொறுப்பு ஆசிரியர்மேலும் ஊர்ப் பெரியோர்மேலும் விழுகிறது. இரவு 9.30-க்கு விளக்கணைத்தல், காலை 6 மணிக்குமுன் எழுப்பாமை, தேர்வுக் காலத்திலும் இவ்வரம்பை மீறாமை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு விடுதியும் எழுத்தில் வகுத்துப் பெற்றோருக்குத் தெரிவித்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

வகுப்பறையில் தலைசாயும் பிள்ளையைத் தண்டிக்குமுன், அவன் நேற்று எத்தனை மணிக்கு உறங்கினான் என்று கேட்போம். விடை நம்மையே சுட்டுமாயின், திருந்த வேண்டியவர் நாமே.